நூலகத் தந்தை அரங்கநாதர்

கல்வி புகட்டினோர் பலர். நூல்கள்மீது காதல் ஊட்டினோர் சிலர். அச்சிலருள் ஒருவரான சீர்காழி இராமாமிருத அரங்கநாதரின் வரலாற்றை நம் கலாசாலை மாணாக்கர் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

அன்னார் 1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சீர்காழியில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் கணிதம் பயின்று எம். ஏ. பட்டம் பெற்றார். 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய இடங்களில் கணித ஆசிரியராய் விளங்கினார். 1924-ல் சென்னைச் சர்வகலாசாலை அவரைத் தன் முதல் நூலகத் தலைவராக நியமித்தது. மாணாக்கரோடு பழகிய உள்ளத்துக்கு, வருவோர் அருகிய இடத்தில் நூல்களைக் காத்திருத்தல் கசந்தது. சில நாட்களிலேயே பழைய பதவிக்குத் திரும்ப விரும்பினார். இங்கிலாந்து சென்று பயின்ற பின்னும் மனம் மாறாவிடில் அவ்வாறே ஆகலாம் என மேலோர் இசைந்தனர்.

ஆங்கே சிறுவரும் தொழிலாளரும் பெண்டிரும் நூலகங்களிற் புகுந்து விரும்பியவற்றைப் படித்து மகிழ்வதை அவர் கண்டார். நூலகத் தலைவன் காவற்காரன் அல்லன், நூலையும் வாசகனையும் கூட்டிவைக்கும் நண்பன் என உணர்ந்தார். 1925-ல் மீண்டவர் பழைய பதவியை நாடவில்லை. வாசகர் தாமே அடுக்குகளிடையே உலாவி நூல்களைத் தெரிந்தெடுக்க வழி செய்தார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார்.

1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்படுதற்கே உள்ளன. ஒவ்வொரு வாசகனுக்கும் உரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகனும் உண்டு. வாசகனின் காலம் வீணாகலாகாது. நூலகம் வளரும் உயிர் போன்றது என்பன அவற்றின் கருத்து. அவ்வாண்டிலேயே மன்னார்குடியில் மாட்டுவண்டியொன்று நூல்களைச் சுமந்து கிராமங்களுக்குச் செல்லலாயிற்று. பள்ளி, கலாசாலை நூலகங்களைப் பற்றி 1942-ல் தனி நூலே இயற்றினார். அவர்தம் இடையறா முயற்சியால் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. 1972-ம் ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார்.

சிறுவனுக்குரிய நூல் பரீட்சைக்குரிய நூல் மட்டுமன்று. அமிர்திக் காட்டோரம் பறவைகளைக் கண்டு வளரும் பிள்ளைக்குப் பறவை நூலையும், ஆம்பூர்த் தோல் தொழிலாளியின் மகளுக்குக் கடற்பயணக் கதையையும் அறிந்து எடுத்துக் கொடுப்பவரே மெய்யான பள்ளி நூலகர். நம்முள் ஆசிரியராகப் போவோர் பலர். நூல் அலமாரியின் சாவி நம் கைக்கு வரும் நாளில், நூல் கிழியுமே என்றஞ்சி அதைப் பூட்டிவைப்போமா, பிள்ளைகளுக்குத் திறந்துவைப்போமா? அரங்கநாதர் வாழ்ந்து காட்டிய விடை நமக்கு வழிகாட்டுவதாக.