இசைத்தமிழ் ஆய்ந்த ஆபிரகாம் பண்டிதர்

தென்காசிக்கு அணித்தேயுள்ள சாம்பவர் வடகரை என்னும் ஊரில், 1859 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2 ஆம் நாள், முத்துசாமி, அன்னம்மாள் என்பார்க்கு மகனாகத் தோன்றியவர் ஆபிரகாம். கிறித்தவ நெறியில் வளர்ந்த இவர், திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கே சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் பிடில் பயின்றார். பின்னர்ச் சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரை அடைந்து, மருத்துவ நுட்பங்களைக் கற்றுத் தேர்ந்தார். பண்டிதர் என்னும் பெயர் இவர்க்கு மருத்துவத்தால் வந்தது, இசையால் வந்ததன்று.

மணம் புரிந்தபின், 1883 இல் தஞ்சை சென்று, துணைவியார் பொன்னம்மாளுடன் பெண்கள் பள்ளியொன்றில் ஆசிரியப் பணி ஆற்றினார். சில ஆண்டுகளில் அப்பணியை விடுத்து மருத்துவத்திலேயே முனைந்தார். இவர் அமைத்த கருணாநிதி மருத்துவசாலையின் கோரோசனை மாத்திரை நெடுந்தொலைவும் புகழ் பெற்றது. பொருள் குவிந்தது. நகர்ப்புறத்தே நிலம் வாங்கித் தோட்டம் அமைத்து, அதற்குத் தம் ஆசிரியர் நினைவாகக் கருணானந்தபுரம் எனப் பெயரிட்டார். ஈட்டிய பொருளை இவர் செலவிட்ட வழியே வியத்தற்குரியது.

அந்நாளில் தமிழ்ச் சிறுவரும் பொருள் விளங்காத பிறமொழிப் பாடல்களைக் கொண்டே இசை பயின்றனர். இக்குறை நீங்க, இறைவன் புகழ் பாடும் 96 பாடல்களைத் தமிழிலேயே சுரக்குறிப்புடன் இயற்றி, 1907 இல் வெளியிட்டார். அப்பணியிடையே ஓர் ஐயம் எழுந்தது. கீழ்ச் சட்சம் முதல் மேற் சட்சம் வரை சுருதிகள் எத்துணை? 13 ஆம் நூற்றாண்டினரான சார்ங்கதேவர் வழிவந்தோர் 22 என்றனர். பண்டிதர்க்கு அஃது ஒவ்வவில்லை. சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் துருவி ஆராய்ந்தார். சட்சத்தினின்று பஞ்சமம், அதனின்று அதற்குப் பஞ்சமம் என ஏறிச் செல்லின், பன்னிரு சுரங்களையும் சுற்றித் தொடங்கிய இடத்தையே எய்தல் வேண்டும் என்றும், அப்பன்னிரண்டும் ஒத்த அளவின என்றும், அவற்றை இவ்விரண்டாகப் பகுப்பின் 24 சுருதிகளாம் என்றும் துணிந்தார்.

துணிந்ததைத் தமக்குள் வைத்துக்கொண்டாரல்லர். 1912 இல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களை அழைத்துத் தம் செலவிலேயே மாநாடுகள் பல கூட்டினார். மறுத்துரைப்போர்க்கும் அங்கே இடமிருந்தது. 1916 இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டிலும் தம் கருத்தை நாட்டினார். அவர் குடும்பத்து மகளிர் வீணையில் இசைத்து அதனை மெய்ப்பித்துக் காட்டினர். இசைவாணர் அனைவரும் அக்கணக்கை ஏற்றாரல்லர். எனினும், பழந்தமிழ் இசையிலக்கணத்தை ஆராயப் புகுவார் அவரை விலக்கிச் செல்லுதல் அரிது.

இவ்வாய்வு முழுதும் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலாக 1917 இல் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலை அச்சிடத் தம் இல்லத்திலேயே அச்சுக்கூடம் அமைத்துக் கொண்டார். இரண்டாம் பகுதி அச்சேறுமுன், 1919 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31 ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். எஞ்சிய ஏடுகளைப் பேணிக் காத்து, 1946 இல் அவற்றை நூலாக்கியவர், அவர் மகளார் மரகதவல்லி அம்மையார் ஆவர்.