நாற்காலிக்கு இலக்கணம் எழுதியவர்

நம்ம தொழில் மேலாண்மைப் பாடத்தில் மாக்ஸ் வேபர் என்று ஒரு பெயர் வரும். அதிகாரவர்க்க அமைப்பின் இலக்கணங்கள் என்று ஆறேழு பாயிண்ட், அவ்வளவுதான். மனப்பாடம் பண்ணி, எழுதி, மார்க் வாங்கி, மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் மறந்திருப்பேன். ஆனால் என் அக்கா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் எம்.ஏ. படிக்கிறாள். நிறுவனங்களும் பொருளாதாரமும் பற்றி அவளுக்கு ஒரு பேப்பர் உண்டு. நமக்கு அரைப் பக்கமாக வரும் ஆள், அங்கே அந்தப் பேப்பருக்கே அஸ்திவாரம். அவளிடம் கேட்டும், அவள் புத்தகங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னை இழுத்தது ஒரு விஷயம். ஆபீஸ், ஃபைல், மேலதிகாரி, கீழதிகாரி என்று நாற்காலிக்கு இலக்கணம் எழுதிய மனிதர், ஏறக்குறைய இருபது வருஷம் தன்னுடைய சொந்த நாற்காலியில் உட்கார முடியாமல் இருந்தவர்!

ஜெர்மனியில் எர்ஃபுர்ட் என்ற ஊரில் 1864 ஏப்ரல் 21 அன்று பிறந்தார். வீட்டுக்கு மூத்த பிள்ளை. அப்பா வக்கீல், அரசியல்வாதி, வசதியாக வாழப் பிடித்தவர். அம்மா ஹெலேனா அதற்கு நேர் எதிர். பக்தி, சிக்கனம், ஏழைகள் மேல் கவலை. குடும்பம் சீக்கிரமே பெர்லினுக்குக் குடிவந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பாடம் நடத்த நடத்த, பையன் பெஞ்சுக்குக் கீழே வைத்து மகாகவி கதேயின் நாற்பது தொகுதிகளையும் படித்து முடித்தானாம். கடைசி பெஞ்சுக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

1882-இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். கூடவே பொருளாதாரம், வரலாறு, தத்துவம். மாணவர் சங்கத்தில் சேர்ந்து பீர் குடிக்கவும், வாள் சண்டை போடவும் கற்றுக்கொண்டார். உடம்பு பெருத்து, கன்னத்தில் வெட்டுத் தழும்போடு வீட்டுக்கு வந்த மகனைப் பார்த்ததும் அம்மா கன்னத்தில் ஒரு அறை விட்டார். பிறகு ஒரு வருஷம் ராணுவப் பயிற்சி, அப்புறம் பெர்லினிலும் கோட்டிங்கனிலும் படிப்பு.

1889-இல் முடித்த டாக்டர் பட்ட ஆய்வுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. இடைக்கால இத்தாலிய வியாபாரக் கூட்டுகள் பற்றியது அது. ஜெனோவா, பிசா போன்ற துறைமுக நகரங்களில் ஒருத்தர் பணம் போடுவார், இன்னொருத்தர் கப்பலேறிப் போய் விற்றுவிட்டு வருவார். லாபத்தை எப்படிப் பிரிப்பது? கப்பல் மூழ்கினால் யார் தலையில்? ஃப்ளாரன்ஸ் நகரத்தில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்திய கடைகளில், கடைப் பணமும் வீட்டுப் பணமும் எப்போது தனித்தனியாகப் பிரிந்தன? இதற்காக இத்தாலிய மொழியும் ஸ்பானிய மொழியும் கற்று, பழைய சாசனங்களைத் தோண்டினார். கல்லாப்பெட்டி வேறு, சமையல்கட்டு வேறு என்று பிரிந்த இடத்தில்தான் கம்பெனி என்ற ஒன்று பிறக்கிறது. பிற்காலத்தில் அவர் அலுவலகத்தைப் பற்றிச் சொன்னதற்கெல்லாம் விதை இந்த இருபத்தைந்து வயது ஆய்வில் இருக்கிறது என்பது என் கருத்து.

இவ்வளவு படித்தவருக்குச் சம்பளம்? கிடையாது. கோர்ட்டில் சம்பளமில்லாத பயிற்சி. 1893-இல் கல்யாணம் ஆகும் வரை, இருபத்தொன்பது வயதிலும் அப்பா வீட்டுச் சாப்பாடுதான். அந்தச் சாப்பாடு தொண்டையில் எப்படி இறங்கும் என்பதை அரியரோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில், 1892-இல், சமூகக் கொள்கைச் சங்கம் என்ற அமைப்பு அவரிடம் ஒரு வேலை கொடுத்தது. எல்ப நதிக்குக் கிழக்கே இருந்த பெரும் பண்ணைகளின் கூலியாட்களைப் பற்றி வந்த பதில்களைத் தொகுக்க வேண்டும். தொகுத்தார், ஏறக்குறைய தொள்ளாயிரம் பக்கம். ஆனால் கேள்வித்தாள் போனது யாருக்கு? பண்ணை முதலாளிகளுக்கு! கூலியாளை யாரும் கேட்கவில்லை. இந்தக் குறையை உணர்ந்து, அடுத்து ஊர்ப் பாதிரியார்கள் வழியாக இன்னொரு விசாரணையில் இறங்கினார். அவர் கண்டது இதுதான்: சாப்பாடும் வீடும் நிச்சயமாகக் கிடைக்கிற பண்ணையை விட்டுவிட்டு, நிச்சயமில்லாத பிழைப்பைத் தேடி ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எஜமான் வாசலில் நிற்க அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கூலிக்கணக்கை மட்டும் பார்த்தால் இது புரியாது. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பண்ணைகளுக்குப் பருவ வேலைக்கு வந்த போலந்துக்காரர்களைப் பற்றி, 1895-இல் அவர் ஃப்ரைபுர்க்கில் பேசியது இன்றைக்குப் படிக்கக் கசக்கும். தேசவெறி கலந்த பேச்சு. பெரிய ஆள் என்பதற்காக அதை நாம் பூசி மெழுக வேண்டாம்.

முப்பது வயதில், 1894-இல், ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். சட்டம் படித்தவருக்குப் பொருளாதார நாற்காலி! 1896-இல் ஹைடல்பெர்க்கில், தனக்கே ஒருகாலத்தில் வகுப்பெடுத்த கார்ல் க்னீஸ் உட்கார்ந்த இடம் அவருக்குக் கிடைத்தது.

அடுத்த வருஷமே எல்லாம் உடைந்தது. 1897 கோடையில் அம்மா மகன் வீட்டில் வந்து தங்கப் புறப்பட்டார். அதில் அப்பா குறுக்கிட்டார். கூடவே வந்தும் விட்டார். அம்மாவை இத்தனை வருஷம் அடக்கி வைத்ததற்கெல்லாம் சேர்த்து மகன் அப்பாவை நேருக்கு நேர் கேட்டுவிட்டார். சமாதானம் ஆகவில்லை. ஆகஸ்ட் மாதம் ரீகா நகரில் அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு மகனுக்குத் தூக்கம் போனது, பேச முடியாமல் போனது, வகுப்பெடுப்பது நரகமாயிற்று. லீவு, வைத்தியசாலை, இத்தாலி, மறுபடி லீவு. 1903-இல் வேலையை முழுசாக விட்டார்.

1904-இல் கொஞ்சம் தேறி, மனைவி மரியானோடு அமெரிக்கா போனார். செயின்ட் லூயிஸ் கண்காட்சியையொட்டி நடந்த மாநாட்டில் பேச அழைப்பு. சிகாகோ இறைச்சிக் கூடங்களில், பன்றி மேலே கொக்கியில் தொங்கி ஊர்ந்து வர, வரிசையாக நிற்கும் ஆட்கள் ஆளுக்கொரு வெட்டு வெட்டுவதை நின்று பார்த்தார். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் வெளிவந்ததுதான், புராட்டஸ்டன்ட் நெறியையும் முதலாளித்துவத்தையும் இணைத்துப் பேசிய அவருடைய புகழ்பெற்ற ஆய்வு. அதன் வாதம் சரியா தப்பா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. நமக்கு வேண்டியது அதன் கடைசிப் பக்கங்களில் வரும் ஒரு சொல். இரும்புக் கூண்டு என்று உலகமெல்லாம் சொல்கிறார்களே, அது டால்காட் பார்சன்ஸ் 1930-இல் ஆங்கிலத்தில் போட்ட சொல். வேபர் எழுதியது எஃகு போல இறுகிய கெஹாய்ஸ. ஜெர்மன் மொழியில் நத்தை ஓடும் கெஹாய்ஸதான், நாம் ஒர்க்‌ஷாப்பில் கழற்றி மாட்டும் கியர்பாக்ஸ் ஹவுசிங்கும் கெஹாய்ஸதான்! இரும்பும் எஃகும் ஒன்றல்ல என்று முதல் வருஷமே படித்தவர்கள் நாம். கூண்டில் அடைபட்டவன் கம்பி வழியாக வெளியே பார்க்கலாம். ஹவுசிங்குக்குள் இருக்கும் பல்சக்கரத்துக்கு வெளியே ஒன்று இருப்பதே தெரியாது.

1908-இல் அவர் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓர்லிங்ஹவுசன் என்ற சின்ன ஊரில் அவருடைய பெரியப்பா கட்டி எழுப்பிய லினன் நெசவு ஆலை இருந்தது. மரியான் அந்தப் பெரியப்பாவின் பேத்திதான். அங்கே போய் உட்கார்ந்து, பீஸ் ரேட் கணக்குப் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு, தறி தறியாக, நாள் நாளாகத் தன் கையாலேயே சதவீதம் போட்டார். வாரத்தில் எந்த நாள் உற்பத்தி கூடுகிறது, எந்த நாள் குறைகிறது? நூல் மட்டமா, காற்றில் ஈரம் போதவில்லையா, ஆளுக்கு அலுப்பா? அலுப்பை மட்டும் அளந்தால் போதும் என்று அப்போதைய சில விஞ்ஞானிகள் நினைத்தார்கள். வேபர் கணக்குப் புத்தகத்தில் வேறொன்றையும் பார்த்தார். நெசவாளியும் மனசுக்குள் கணக்குப் போடுகிறான். இந்த வாரம் அதிகம் நெய்தால் அடுத்த மாதம் ரேட்டைக் குறைப்பார்கள் என்று தெரிந்தால், ஸ்டிரைக் இல்லாமல், சத்தம் இல்லாமல், கை தானாக மெதுவாகிறது.

இதைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. நாங்கள் இம்ப்ளான்ட் டிரெய்னிங் போன ஒரு தொழிற்சாலையில், ஆர்வக்கோளாறில் நான் பீஸ்களை மளமளவென்று முடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷின் அண்ணன் ஒருவர் வந்து, தம்பி, நீ ஒரு மாசத்தில் போய்விடுவாய், நாங்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இதே விஷயத்தை மிட்வேல் எஃகு ஆலையில் ஃபிரெடெரிக் டெய்லரும் பார்த்தார். உடைக்க வேண்டிய கெட்ட பழக்கம் என்று முடிவு கட்டினார், ஸ்டாப்வாட்சோடு வந்தார். வேபர் அதை ஒரு மனிதனின் நியாயமான கணக்காகப் பார்த்தார். நம் பாடத்தில் இரண்டு பேரும் ஒரே அத்தியாயம்! நாளைக்கு நாம் சூப்பர்வைசராகப் போனால் நிற்கப்போவது இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான். ரேட் குறைக்கும் தாளில் கையெழுத்துப் போடும் கை நம்முடையதாக இருக்கலாம்.

வேபரின் கையும் முழுச் சுத்தம் இல்லை. 1907-இல் அந்தப் பெரியவர் இறந்தபின் மரியானுக்கு வந்த சொத்தில்தான், வேலையில்லாத வேபர் கவலையில்லாமல் எழுத முடிந்தது. தறிக்கணக்கைப் பார்த்தவருக்கும் அந்தத் தறிதான் சோறு போட்டது. அதே பெரும் ஆய்வுத் திட்டத்தில் மரி பெர்னாய்ஸ் என்ற பெண், க்ளாட்பாக் நூற்பாலையில் தான் யாரென்று சொல்லாமல் கூலியாளாகச் சேர்ந்து, சில வாரம் வேலை பார்த்துவிட்டு எழுதினார். பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம்.

1909-இல் வியன்னா கூட்டத்தில், அரசாங்கமே எல்லாத் தொழிலையும் நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிய மூத்த பேராசிரியர்களோடு வேபரும் தம்பி ஆல்ஃபிரடும் மோதினார்கள். ஒழுங்கான நிர்வாகம் திறமையானது என்பதை வேபர் மறுக்கவே இல்லை. பதவி யாருக்கும் சொந்தமில்லை. விற்க முடியாது, மகனுக்குக் கொடுக்க முடியாது. படித்துத் தேறியவன் வருவான், சட்டப்படி நடப்பான், எழுதி வைப்பான். கைவேலைக்குப் பக்கத்தில் மெஷின் எப்படியோ, பழைய தர்பார் நிர்வாகத்துக்குப் பக்கத்தில் இது அப்படி. அதனால்தான் அவருக்குப் பயம். இருக்கிற பல்லிலிருந்து இன்னும் கொஞ்சம் பெரிய பல்லாக ஆவதொன்றே மனிதனின் ஆசையாகிவிட்டால் என்ன மிஞ்சும் என்பது அவர் கவலை.

எழுதினவருக்கு ஆபீஸ் அனுபவம் உண்டா என்று கேட்கலாம். உண்டு. 1914-இல் போர் மூண்டதும், ஐம்பது வயதில், ஹைடல்பெர்க் வட்டாரத்தில் ஒன்பது ராணுவ மருத்துவமனைகளை ஏற்படுத்தி நடத்தும் பொறுப்பில் ஒரு வருஷத்துக்கு மேல் உழைத்தார். தூக்கமில்லாத அந்த மனிதர் அங்கே தினமும் ஆபீஸுக்குப் போனார்!

1918-இல் வியன்னாவில் ஒரு பருவம் வகுப்பெடுத்துப் பார்த்தார். 1919-இல் மியூனிக்கில் நிரந்தர வேலை. இருபது வருஷத்துக்குப் பிறகு நாற்காலி. முழுசாக ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. 1920 ஏப்ரலில் தங்கை லிலி இறந்தார். நான்கு பிள்ளைகள் அநாதையாக நின்றார்கள். அவர்களை வளர்க்க வேபரும் மரியானும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சளிக்காய்ச்சல் நிமோனியாவாகி, ஜூன் 14 அன்று வேபர் போய்விட்டார். வயது 56.

மேஜையிலும் அலமாரியிலும் முடிக்காத கையெழுத்துப் பிரதிகள் குவிந்து கிடந்தன. மரியான் அவற்றை எடுத்து, அடுக்கி, பொருளாதாரமும் சமூகமும் என்ற பெரும் நூலாக 1921, 1922-இல் வெளியிட்டார். நம்முடைய அந்த ஆறேழு பாயிண்ட் அந்தக் குவியலிலிருந்து வந்ததுதான். லிலியின் நான்கு பிள்ளைகளையும் பிறகு மரியான் தத்தெடுத்துக்கொண்டார்.