ஔடத தானம் செய்த அம்மையார்: டாக்டர் ஐடா ஸ்கடர்

இல்லறத்தாராகிய சிராவகர்க்கு நம் முன்னோர் விதித்த தானங்கள் நான்கு. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்பன அவை. இவற்றுள் ஆகார தானத்தில் நம்மவர் இன்றும் குறை வைப்பதில்லை. திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் ஆலயத்துக்குச் சென்று பசியோடு திரும்பியவர் எவருமிலர். ஔடத தானம் என்று வரும்போதுதான் சற்றே தயங்கி நிற்கிறோம். அந்தத் தானத்துக்கே வாழ்நாள் முழுவதையும் கொடுத்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இவ்விதழில் எழுத விரும்பினோம். அவர் நம் சமயத்தவர் அல்லர். நம் நாட்டினரும் அல்லர். எனினும், குணமுடையாரைக் கண்டவிடத்து உவக்கும் பிரமோத பாவனையைத் தத்துவார்த்த சூத்திரம் நமக்குக் கற்பித்திருக்கிறது. அதற்குச் சமய எல்லை வகுக்கப்பட்டதாக நாம் படித்ததில்லை.

வேலூர் மருத்துவமனை என்றால் அறியாத குடும்பம் தென்னார்க்காட்டில் இராது. எங்கள் தியாகதுருகம், கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் நோய் முற்றியவரை வேலூருக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்றால், எல்லாம் முயன்றாயிற்று, இனி அதுவே கதி என்று பொருள். 1970-களில் நாமும் எம் தாயாரை அழைத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் இரயிலில் போனோம். நீர் வடிகட்டும் துணியும், பொழுது சாயுமுன் உண்பதற்கான பலகாரமும் கையோடு எடுத்துச் சென்றோம். அங்கே சுவரில் மாட்டியிருந்த வெண்கூந்தல் மூதாட்டியின் படத்தைக் காட்டி, இவர் யார் என்று எம் தாயார் கேட்டார். பெயரைச் சொன்னோம். அதற்குமேல் சொல்ல நமக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆசிரியத் தொழிலில் இருந்துகொண்டு இதுகூட அறியாதிருந்தது அன்று பெரிதும் உறுத்திற்று. பின்னரே தேடிப் படித்தோம்.

ஐடா அம்மையாரின் கதை அவர் பாட்டனாரிடம் தொடங்குகிறது. ஜான் ஸ்கடர் என்ற அவர் நியூயார்க் நகரில் நல்ல வருமானமுள்ள மருத்துவர். நோயாளி ஒருவரைப் பார்க்கச் சென்ற இடத்தில், கீழ்த்திசை நாடுகளுக்குச் சமயத் தொண்டு புரியச் செல்லுமாறு அழைக்கும் சிறு நூல் ஒன்று அவர் கையில் கிடைத்தது. அதைப் படித்துத் தொழிலைத் துறந்து 1819-இல் மனைவியுடன் கப்பலேறினார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலும், 1836 முதல் சென்னையிலும் பணி புரிந்தார். அவர் புதல்வர் எழுவரும் தமிழ்நாட்டில் அதே தொண்டை மேற்கொண்டனர். அவர்களுள் மூவர் 1853-இல் நிறுவியதே ஆர்க்காடு மிஷன்.

அமெரிக்கக் கிறித்தவத்தின் இயல்பை இங்கே சிறிது விளக்கியாக வேண்டும். அன்றேல் ஒரு மருத்துவர் எதற்காகக் கடல் கடந்து வந்தார் என்பதும், அவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கா. ரோமாபுரிப் போப்பாண்டவரின் தலைமையை ஏற்காது பிரிந்தவர்களைப் புராட்டஸ்டண்டுகள் என்பர். ஐரோப்பாவில் இவர்களுடைய சபைகள் பலவற்றுக்கு அரசரின் ஆதரவு இருந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ 1791-இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், மத்திய அரசு எந்தச் சமயத்தையும் அரசுச் சமயமாக்கலாகாது என்று தடுத்துவிட்டது. மாநிலங்களில் எஞ்சியிருந்த சபை வரிகளும் 1833-க்குள் ஒழிந்தன. மானியமும் இல்லை, வரியும் இல்லை. ஒவ்வொரு சபையும் தன் உறுப்பினர் மனமுவந்து கொடுக்கும் காசிலேயே வாழவேண்டியதாயிற்று. நலிந்து போயிருக்கும் என்று நாம் எண்ணுவோம், நடந்தது வேறு. சபைகள் போட்டியிட்டு வளர்ந்தன. பள்ளி, கல்லூரி, அநாதை இல்லம், மதுவிலக்குச் சங்கம், அடிமை ஒழிப்புச் சங்கம் எனப் பொதுக் காரியங்கள் பெரும்பாலும் அவர்கள் கையிலேயே நடந்தன. அடிமை முறையை ஆதரித்து வேதத்தையே சான்று காட்டியவர்களும் அதே சபைகளில் இருந்தனர். அதனால் பெரிய சபைகள் சில வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிளந்ததும் உண்டு. ஒளியைச் சொல்லுகையில் நிழலையும் சொல்வதுதானே முறை?

இச்சபைகளிற் பெரும்பாலானவற்றில் பெண்கள் போதகராகவோ நிருவாகக் குழுவில் அமரவோ இயலாதிருந்தது. ஆனால் சபையில் வந்து அமர்ந்தவர்களிற் பெரும்பாலோர் பெண்களே. அவர்கள் என்ன செய்தார்கள்? தங்களுக்கெனத் தனி மாதர் சங்கங்களை அமைத்தார்கள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த சில்லறையைச் சேர்த்தே பெண் ஆசிரியைகளையும் பெண் மருத்துவர்களையும் கீழ்த்திசைக்கு அனுப்பினார்கள். ஸ்கடர் குடும்பம் சார்ந்திருந்த ரிபார்ம்டு சபையின் மாதர் சங்கம் 1875-இல் தோன்றியது. அரிசிப் பானையிலிருந்து நாள்தோறும் ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கு ஒதுக்கி வைத்த நம் பாட்டிமார்க்கு இது புதிய செய்தியன்று.

ஐடா 1870 டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அண்ணன்மார் ஐவருக்குப் பின் பிறந்த ஒரே பெண். தந்தையார் இரண்டாம் ஜான் ஸ்கடர், தாயார் சோபியா. தாது வருடப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் வந்த குழந்தைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டு ஊட்டியது அவருடைய இளமை நினைவு. அப்போது அவருக்கு ஆறு, ஏழு வயதுதான். பின்னர் குடும்பம் அமெரிக்கா சென்றது. பெற்றோர் மீண்டும் இந்தியா திரும்பியபோது இச்சிறுமி சிக்காகோவில் பெரியப்பா வீட்டில் விடப்பட்டாள். பிரிவுத் துயர் அவள் நெஞ்சில் ஒரு வெறுப்பை ஊன்றிற்று. இந்தியாவும் வேண்டாம், மிஷன் தொண்டும் வேண்டாம் என்று உறுதி கொண்டாள். மூடி என்ற புகழ்பெற்ற சமயப் பேச்சாளர் நார்த்பீல்டில் நிறுவிய பெண்கள் பள்ளியில் படித்தபோதும் அவ்வுறுதி தளரவில்லை. சமயப் பற்று மிகுந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் இத்தகைய எதிர்ப்பை நாமும் வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறோம். வற்புறுத்தினால் அது வளரவே செய்யும்.

1890-இல் தாயார் நோயுற்றார். அவரைப் பேணுவதற்காக மட்டுமே ஐடா திண்டிவனம் வந்தார். மேல்சித்தாமூர் மடத்துக்குச் செல்வோர் பேருந்து மாறும் அதே திண்டிவனந்தான். அங்கே ஓர் இரவு நிகழ்ந்ததை இனிச் சொல்கிறோம்.

முதலில் ஓர் அந்தணர் வந்தார். அவருடைய இளம் மனைவி பேறு காலத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். ஐடா, தமக்கு மருத்துவம் தெரியாது, தம் தந்தையாரை அழைத்துச் செல்லலாம் என்றார். அயல் ஆடவர் தம் மனைவியைத் தொடுவது இயலாது என்று அவர் திரும்பிப் போனார். சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக வேறொரு மேற்குல இந்து வந்தார். அவரும் அவ்வாறே சென்றார். மூவரும் கற்றவர்கள்; மனைவியர்மீது அன்பில்லாதவர்களும் அல்லர். அன்பிருந்ததனால் அன்றோ நள்ளிரவில் வந்து கதவைத் தட்டினார்கள்! பொழுது விடிந்ததும் சாவுப் பறை கேட்டது. மூன்று பெண்களும் இறந்து போயினர்.

அந்த மூவரில் ஜைனர் எவருமிலர் என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. நம் வீடுகளிலும் அக்காலத்தில் வழக்கம் அதுவே. சிற்றுயிர் மடியாதிருக்க மாலையில் விளக்கேற்ற அஞ்சியவர்கள், வீட்டுக்குள் ஒரு பெண் மடிவதை விதி என்று விட்டிருந்தோம். எம் பாட்டியாருக்கு முன்பிறந்த தமக்கையர் இருவர் பேறு காலத்தில் மாண்டதாகச் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது எவர் குரலிலும் வியப்பு இருந்ததில்லை. எமக்கு அதுதான் இன்றும் வருத்தம்.

அன்று காலை ஐடா, மருத்துவம் கற்கப் போவதாகப் பெற்றோரிடம் கூறினார். அவர் திண்டிவனத்தில் இருந்த நாளிலேதான், 1893-இல், சிக்காகோவில் சர்வசமயப் பேரவை கூடிற்று. அதற்குத் தலைமை தாங்கியவர் பாரோஸ் என்ற புராட்டஸ்டண்டுப் போதகர். நம் சமயத்தின் சார்பில் அங்கே பேசியவர் வீரசந்த் ராகவ்ஜி காந்தி. அமெரிக்கப் பெண் இங்கே நம் துன்பத்தைக் கண்டுகொண்டிருந்தாள். நம்மவர் அங்கே அகிம்சையை விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது நமக்கு எப்போதும் சுவையானது.

1895-இல் பிலடெல்பியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகம் நியூயார்க்கில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடமளிக்கவே, அங்கு மாறி 1899-இல் பட்டம் பெற்றார். புறப்படுமுன் மருத்துவமனைக்குப் பொருள் திரட்ட வேண்டியிருந்தது. ஷெல் என்ற வங்கியாளர், மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். கூட வந்தவர் தோழி ஆனி ஹேன்காக். அவ்வாண்டு மே மாதத்திலேயே தந்தையார் இறந்தார். பக்கத்தில் நின்று தொழில் பழக்குவார் என்று நம்பியிருந்த துணை போயிற்று.

வீட்டின் சிறிய அறையொன்றில், ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கியது. ஆரம்பத்தில் ஒருவரும் வரவில்லை. இளம்பெண், அதிலும் வெள்ளைக்காரி, இவள் என்ன அறிவாள் என்று ஊரார் தயங்கினர். சமையற்காரரின் மனைவி சலோமிதான் மருந்து கலக்கவும் புண் கட்டவும் கற்றுக்கொண்ட முதல் உதவியாளர். மெல்ல மெல்ல நம்பிக்கை பிறந்தது. இரண்டே ஆண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகளைப் பார்த்தார். 1902-இல் நாற்பது படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. பின்னாளில் கண் மருத்துவமனையானது அதுவே. வரமுடியாதவர்களைத் தேடி 1906 முதல் குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் வண்டியில் சென்று மரத்தடிகளில் மருந்து கொடுத்தார். 1909-இல் பிரெஞ்சு நாட்டு மோட்டார் வண்டி வந்தது. அதைக் கண்டு பேய் வருகிறது என்று கிராமத்தார் ஓடினராம். பேய்க்குப் பின்னால் மருந்துப் பெட்டி வருவது தெரிந்ததும் ஓட்டம் நின்றது. அதே ஆண்டில் செவிலியர் பயிற்சியும் தொடங்கியது.

இனி, எமக்கு அவரிடம் மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறோம். தம் இரு கைகளால் எத்தனை பெண்களைக் காப்பாற்ற முடியும் என்று அவர் கணக்கிட்டுப் பார்த்தார். இந்நாட்டுப் பெண்களையே மருத்துவராக்கினாலன்றி வேறு வழியில்லை என்று கண்டார். அரசாங்கத்தின் மருத்துவத் தலைவர் அனுமதி அளித்தபோது, மூன்று விண்ணப்பங்களேனும் வருமா என்று ஐயுற்றார். வந்தவை 151. பதினேழு பேரைத் தெரிந்தெடுத்து, 1918 ஆகஸ்டு 12-ஆம் நாள் பள்ளி தொடங்கியது. திறந்து வைத்தவர் ஆளுநர் பென்ட்லண்டு பிரபு. பள்ளிக்கெனத் தக்க கட்டடம் இல்லை. கருவிகள் மிகக் குறைவு. ஆசிரியர் போதாமையால் அவரே பாடம் நடத்தினார். முதலாண்டுத் தேர்வில் ஒருத்தியும் தேறாவிட்டால் மனம் உடைந்துவிடாதீர்கள் என்று அதே அதிகாரி முன்கூட்டியே தேற்றியிருந்தார். அந்த ஆண்டு மாகாணத்து ஆண் மாணவர்களில் ஐவருக்கு ஒருவர் என்ற அளவிலேயே தேறினர். வேலூரிலிருந்து எழுதிய பெண்கள் பதினால்வரும் தேறினார்கள். நாற்பதாண்டுக் காலம் கரும்பலகை முன் நின்றவர்களுக்கு இதைவிட இனிய செய்தி எது?

பின்னர் வந்த சோதனை கடுமையானது. 1938-இல் சென்னை அரசு, பழைய டிப்ளமா படிப்பு இனி இல்லை, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பே வேண்டும் என்று முடிவு செய்தது. வேலூரில் அதற்கான பேராசிரியரும் இல்லை, கருவிகளும் இல்லை, பணமும் இல்லை. ஆண்களையும் சேர்த்துப் பல சபைகளின் பொதுக் கல்லூரியாக்கினால் பொருளுதவி கிடைக்கும் என்றனர் சிலர். பெண்களுக்காகப் பெண்கள் காசு சேர்த்துக் கட்டியதை ஆண்களுக்குத் திறந்துவிடுவதா என்று அமெரிக்க மாதர் குழுவில் ஒரு சாரார் எதிர்த்தனர். அவர்கள் வாதத்திலும் நியாயம் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. அங்கே பல மாதர் சங்கங்கள் ஆண்களின் சபைக் குழுக்களோடு இணைக்கப்பட்டுத் தம் குரலை இழந்திருந்த காலம் அது. நெடிய மனப்போராட்டத்துக்குப்பின் ஐடா கல்லூரி பிழைப்பதே முக்கியம் என்று முடிவு செய்தார். பழைய தோழியர் சிலர் விலகினர். எழுபது வயதில் அமெரிக்கா சென்று, போர்க்காலத்தில் ஊர் ஊராகப் பேசிப் பொருள் சேர்த்தார். 1942-இல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947-இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தனர். இந்தியப் பெண்மணியான டாக்டர் ஹில்டா லாசரஸ் தலைமைப் பொறுப்பில் அமர்ந்ததையும் அவர் கண்டார்.

மதம் பரப்புவதும் இவர்கள் நோக்கந்தானே என்று கேட்பவர்களுக்கு, ஆம் என்றே விடை சொல்ல வேண்டும். ஸ்கடர் குடும்பம் அதை மறைத்ததில்லை. ஆனி ஹேன்காக் வீடு வீடாகச் சென்றது வேதம் சொல்லத்தான். நம்மைப் போன்ற சிறு சமூகத்தார் இவ்விஷயத்தில் விழிப்பாயிருப்பது தவறன்று. ஆயின், மருத்துவமனை வாயிலில் சாதி சமயம் கேட்டு எவரும் திருப்பி அனுப்பப்பட்டதில்லை. எம் தாயார் அங்கே இருந்த பன்னிரண்டு நாளும் பொழுதோடு உண்டு, பஞ்ச நமஸ்காரம் சொல்லி, நலமாகவே வீடு திரும்பினார்.

1946-இல் ஓய்வு பெற்ற ஐடா அம்மையார் கோடைக்கானலில் தம் மலைவீட்டில் தங்கினார். மணம் செய்துகொள்ளவில்லை. அவர் பெயரும் இந்தியா என்ற சொல்லும் மட்டும் எழுதி அனுப்பிய கடிதம் தவறாமல் அவரிடம் போய்ச் சேர்ந்தது என்பர். 1960 மே மாதம், எண்பத்தொன்பதாம் வயதில் அங்கேயே காலமானார். 2022-இல் வேலூர் மருத்துவமனை தன் புதிய பெரிய வளாகத்தைத் திறந்தது. அது அமைந்திருப்பது அவர் பிறந்த இராணிப்பேட்டையின் பெயர் தாங்கிய மாவட்டத்தில்.