அறுந்த இழையும் நின்ற தறியும்: சகிச்சி டொயோடாவின் வாழ்க்கை

ஒரு தொழில் நிறுவனத்தின் வளர்ச்சியை அளக்கப் புகுவோர் பெரும்பாலும் அதன் கட்டடங்களையும் முதலீட்டையும் விற்பனையையுமே எண்ணிப் பார்க்கின்றனர். நெசவாளர் வீட்டுத் தறியோ நமக்கு வேறோர் அளவுகோலைக் காட்டுகிறது. ஓடும் தறியில் இழையொன்று அறுந்தால், அக்கணமே தறியை நிறுத்தி முடிச்சிடுபவரே நல்ல நெசவாளர். காணாதவர்போல் ஓட்டிக்கொண்டே சென்றால் துணியின் நீளம் கூடும். ஆனால் துணி பழுதாகும். இந்த எளிய உண்மையை இயந்திரத்திற்குக் கற்றுக்கொடுத்து, அதன் வழியே பெருந்தொழில் ஒன்றுக்கு வித்திட்டவர் ஜப்பானியப் புத்தமைப்பாளர் சகிச்சி டொயோடா ஆவார். இன்று உலகெங்கும் ஓடும் டொயோட்டா மகிழுந்துகளின் வரலாறு மரத்தறி ஒன்றிலிருந்து தொடங்குகிறது என்பதை அறிந்தோர் சிலரே.

இளமையும் சூழலும்

சகிச்சி 1867ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள், இன்றைய ஷிசுவோகா மாநிலத்தைச் சேர்ந்த யமகுச்சி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தச்சர், உழவுத் தொழிலும் உண்டு. அடுத்த ஆண்டிலேயே ஜப்பானில் மெய்ஜி ஆட்சி மலர்ந்தது. நெடுங்காலம் அடைபட்டிருந்த நாடு மேனாட்டு இயந்திரங்களை வியப்போடும் அச்சத்தோடும் நோக்கிய காலம் அது. தொடக்கக் கல்வி முடிந்ததும் சகிச்சி தந்தையிடம் தச்சுத் தொழில் பயின்றார். அவ்வட்டாரத்தில் வீடுதோறும் பெண்கள் தறியில் அமர்ந்து உழைத்தனர். அவர் தாயும் அவ்வாறே நெய்தவர். நாள் முழுதும் உழைத்தும் பயன் சிறிதே விளைவதை அச்சிறுவர் கண்கூடாகக் கண்டார்.

1885இல் ஜப்பான் அரசு காப்புரிமைச் சட்டத்தை இயற்றியது. புதியதொன்றை ஆக்குவோருக்கு அதன் பயனை உரிமையாக்கும் அச்சட்டம் பதினெட்டு வயது இளைஞரின் வாழ்க்கையைத் திசை திருப்பியது. தறியைத் திருத்துவதே தம் பணி என அவர் உறுதி பூண்டார். ஊரார் எள்ளினர், தந்தையும் விரும்பவில்லை. 1890இல் டோக்கியோவில் நடைபெற்ற தொழிற்கண்காட்சிக்குச் சென்றவர், இயந்திரக் கூடத்தை நாள்தோறும் சுற்றிவந்து, ஒவ்வொன்றின் இயக்கத்தையும் மனத்தில் பதித்துக்கொண்டார். அவ்வாண்டே மரத்தாலான கைத்தறி ஒன்றை அமைத்தார். இருகைகளாலும் நாடாவைச் செலுத்திய நிலை மாறி, ஒரு கையாலேயே செலுத்த இயன்றது. வேலைத்திறனும் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு உயர்ந்தது. 1891இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

திறமையும் வணிகமும்

நல்ல கருவி ஒன்றைச் செய்துவிட்டால் செல்வம் தானே வந்து சேரும் என்று எண்ணுவது இளமையின் இயல்பு. சகிச்சியும் அவ்வாறே எண்ணி, டோக்கியோவில் தம் தறிகளைக் கொண்டு சிறு நெசவுக்கூடம் அமைத்தார். அது நிலைக்கவில்லை, மூடிவிட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. கருவியை ஆக்குவது ஒரு கலை, அதனால் தொழிலை நடத்துவது வேறொரு கலை என்பதை அத்தோல்வி உணர்த்திற்று.

அடுத்து அவர் மேற்கொண்ட வழி கூர்ந்து நோக்கத்தக்கது. 1894இல் நூலைச் சிட்டமாகச் சுற்றும் சிறு கருவியொன்றை ஆக்கினார். அவர் கனவுகண்ட பெருந்தறி அன்று அது. எனினும் நன்றாக விற்றது. அவ்வருவாயே பேராய்வுக்கு முதலாயிற்று. அதன் பயனாக 1896இல் ஜப்பானின் முதல் விசைத்தறி உருவாயிற்று. மரமும் இரும்பும் கலந்து செய்யப்பட்ட அத்தறி, மேனாட்டுத் தறிகளைவிட விலையில் மிகக் குறைந்தது. ஊடை நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ தறி தானே நின்றுவிடும் அமைப்பையும் அவர் அதில் பொருத்தியிருந்தார். அத்தறியில் நெய்த துணியின் சீரான தன்மையைக் கண்டு மிட்சுயி வணிக நிறுவனத்தார் அவரைத் தேடி வந்தனர்.

தம் நிறுவனத்தை இழந்தவர்

பிறர் முதலோடு கூடிய தொழிலில் வளர்ச்சியும் உண்டு, இடரும் உண்டு. மிட்சுயியின் துணையோடு 1899இல் தோன்றிய நிறுவனத்திலிருந்து, வணிகம் நலிந்த காலத்தில் ஆய்வுக்கு இடமின்றிப் போகவே அவர் விலகினார். 1907இல் பல நகரத்துச் செல்வர்கள் முதலிட, அவர் பெயரிலேயே தறி உற்பத்தி நிறுவனம் ஒன்று எழுந்தது. மீண்டும் மந்தம் வந்தது. ஆய்வுக்குச் செலவிடுவது வீண் என முதலிட்டோர் கருதினர். அதுவே உயிர்நாடி என அவர் கருதினார். 1910இல் தம் பெயர் தாங்கிய நிறுவனத்திலிருந்தே அவர் பதவி விலக நேர்ந்தது. நாற்பத்து மூன்று வயதில் வாழ்வின் இழை அறுந்தது.

அவர் அறுந்த இடத்திலேயே நின்று பார்த்தார். அவ்வாண்டே அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பயணமானார். அங்குள்ள தானியங்கித் தறிகளைக் கண்டு, தம்முடையது அவற்றிற்குத் தாழ்ந்ததன்று எனத் தெளிந்தார். அமெரிக்கத் தெருக்களில் பெருகிவந்த மோட்டார் வண்டிகளும் அவர் கண்ணில் பட்டன. நியூயார்க்கில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் ஜோகிச்சி தக்காமினேயைச் சந்தித்தபோது, தாம் ஆக்கிய பொருள் மக்களுக்குப் பயன்படும் நிலையை அடையும்வரை ஆக்கியவரே அதன் பொறுப்பை விடலாகாது என்ற அறிவுரை கிடைத்தது. நாடு திரும்பி, 1911இல் நகோயாவில் தம் சொந்த நெசவாலையைத் தொடங்கினார். ஆலையின் வருவாய் ஆய்வுக்கு. ஆய்வின் பயன் ஆலைக்கு. ஆய்வைப் பிறர் தயவில் விடாத இவ்வேற்பாடே அவர் வகுத்த வணிகத் திட்டத்தின் அச்சாணி எனலாம்.

தானியங்கித் தறிக்குச் சீரான நூல் தேவைப்பட்டது. சந்தையில் கிடைத்த நூல் அடிக்கடி அறுந்தது. எனவே நூற்பாலையையும் தாமே அமைத்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் துணித்தேவை பெருக, தொழிலும் பெருகி 1918இல் டொயோடா நூற்பு நெசவு நிறுவனமாயிற்று.

1924இன் தறி

மகன் கீச்சிரோ டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். தந்தையின் பட்டறிவும் மகனின் கல்வியும் இணைய, 1924இல் ‘ஜி’ வகைத் தானியங்கித் தறி நிறைவுற்றது. நூல் தீர்ந்த நாடா வெளியேறி, நூல் நிறைந்த நாடா அவ்விடத்தைப் பெறும்; அதற்காகத் தறியின் வேகம் குறைவதில்லை. பாவு நூல் அறுந்தாலோ தறி தானே நின்றுவிடும். காரியா நகரில் சோதனை ஆலை அமைத்து, ஏராளமான தறிகளை ஓட்டிப் பார்த்த பின்னரே அதனை விற்பனைக்கு விட்டனர். 1926இல் அதற்கெனத் தனி நிறுவனம் தோன்றிற்று.

ஒருவரே முப்பது தறிகளைக் கவனிக்க இயன்றது. முன்பு அத்தறிகளில் நின்ற மற்றவர் என்ன ஆவர் என்ற வினா இங்கே எழுவது இயல்பே. கைத்தறியை நம்பி வாழும் குடும்பங்களை அறிந்த நாம் அதை எளிதில் கடந்துசெல்ல இயலாது. இயந்திரம் காவலரைத் தேவையற்றதாக்குகிறது. அவ்வாறு விடுபட்டவருக்கு உயர்ந்த பணியைத் தேடித்தருவது இயந்திரத்தால் ஆகாது. அது தொழில் நடத்துவோரின் கடமை.

1929இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் நிறுவனம் அத்தறியின் காப்புரிமையை ஒரு லட்சம் பவுனுக்குப் பெற ஒப்பந்தம் செய்தது. இயந்திரத்தை ஏற்றுமதி செய்து வந்த நாடு, இறக்குமதி செய்து வந்த நாட்டிடம் அறிவை விலைகொடுத்து வாங்கிற்று. அத்தொகை முழுதுமே மோட்டார்த் தொழிலுக்கு முதலாயிற்று என்று சொல்வதுண்டு. ஆனால் பின்னர் அத்தொகை குறைக்கப்பட்டதும், அதில் ஒரு பங்கு தொழிலாளருக்குப் பகிரப்பட்டதும் ஆய்வாளர் கண்ட உண்மை. தறி நிறுவனத்தின் உழைப்பும் அதன் பட்டறையுமே மோட்டாருக்குத் தொட்டிலாயின.

மறைவும் தொடர்ச்சியும்

1930 அக்டோபர் 30ஆம் நாள் சகிச்சி மறைந்தார். தறி நன்கு விற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே, 1933இல், கீச்சிரோ அந்நிறுவனத்தில் மோட்டார்ப் பிரிவைத் தொடங்கினார். 1936இல் வண்டியின் பெயர் டொயோட்டா ஆயிற்று. 1937இல் தனி நிறுவனம் பிறந்தது. 1950இல் கடும் நெருக்கடியும் வேலைநிறுத்தமும் வர, கீச்சிரோவும் தந்தையைப் போலவே தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அறுந்த இழை மீண்டும் முடியப்பட்டது.

நெசவாலையில் பணியாற்றிப் பின் மோட்டார் நிறுவனத்திற்கு வந்த தைச்சி ஓனோ, சகிச்சியின் தறியையே வழிகாட்டியாகக் கொண்டார். பழுது கண்ட தொழிலாளி எவரும் உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்ற உரிமை அங்கே நிலைபெற்றது. தானியக்கம் என்பதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லில், அசைவைச் சுட்டும் எழுத்தோடு மனிதனைக் குறிக்கும் உறுப்பையும் சேர்த்து எழுதுவது அவர்கள் மரபாயிற்று. இயக்கத்தோடு மனித அறிவும் சேர வேண்டும் என்பது அதன் பொருள்.

நாளை தந்தையின் கடையையோ தொழிலகத்தையோ பொறுப்பேற்கவிருக்கும் மாணவச் செல்வங்கள் இவ்வாழ்க்கையில் கற்கத்தக்கது ஒன்றுண்டு. கணக்கில் ஒரு பிழை, சரக்கில் ஒரு குறை, பணியாளர் சொல்லத் தயங்கும் ஒரு செய்தி ஆகிய இவையே அறுந்த இழைகள். அவற்றை மறைத்து ஓடும் தொழில் சிறிது தூரமே ஓடும். நின்று, கண்டு, முடிந்து, பின் ஓடும் தொழிலே தலைமுறை கடந்து வாழும்.