மணலியில் வயலின் கற்ற மேதை



பாட்டுக் கச்சேரியில் பாடகருக்குப் பக்கத்துல ஒருத்தர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வயலின் வாசிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது நம்ம ஊர் வாத்தியம்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். இல்லை! அது இத்தாலியில் உருவாகி, விவால்டி (1678-1741) போன்ற மேதைகளின் கையில் புகழ் பெற்ற கருவி. அதைக் கர்நாடக சங்கீதத்திற்குக் கொண்டு வந்த முன்னோடி பாலுஸ்வாமி தீட்சிதர். அதை அவர் கற்றது நம் எம்.கே.பி. நகருக்குப் பக்கத்திலுள்ள மணலியில் அவர் குடும்பம் வாழ்ந்த காலத்தில்தான்!

பாலுஸ்வாமி பிறந்தது 1786-ல். தந்தை ராமஸ்வாமி தீட்சிதர், ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர். மூத்த அண்ணன், சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதர். திருவாரூரில் இருந்த இந்தக் குடும்பத்தை மணலி ஜமீன்தார் முத்துகிருஷ்ண முதலியார் அழைத்து வந்து ஆதரித்தார். இன்னைக்கு சுத்திகரிப்பு ஆலைப் புகை தெரியும் மணலி, அன்னைக்கு சங்கீதம் வளர்த்த ஊர்!

முதலியாருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்பு உண்டு. அவர் மகன் சின்னையா முதலியார் காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு சகோதரர்களுக்குக் கிடைத்தது. அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். தம்பியின் மனசு வயலினில் போய் நின்றது. அவருடைய ஆர்வத்தைப் பார்த்த முதலியார், ஒரு ஐரோப்பிய வாத்தியக்காரரை ஏற்பாடு செய்து மூன்று வருஷம் கற்றுக்கொள்ள வைத்தார்.

வீணைக்கு மெட்டுகள் உண்டு. வயலினுக்கு மெட்டே கிடையாது. விரலை வழுக்கி நகர்த்தினால் நம்ம கமகம் குரலில் வருவது மாதிரியே வரும். வில்லை இழுக்க இழுக்க நாதம் நீளும். இதனால்தான் அது வாய்ப்பாட்டுக்கு இவ்வளவு பொருத்தமான துணையாச்சு. மேற்கே நின்று, தோளில் வைத்து வாசிப்பார்கள். நாம் உட்கார்ந்து, அதன் தலையை வலது காலில் ஊன்றி, நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று சேர்த்து வாசிக்கிறோம். கருவி அதேதான், பேசும் பாஷை நம்முடையது!

1824-ல் எட்டயபுரம் சமஸ்தானம் பாலுஸ்வாமியை ஆஸ்தான வித்வானாக்கியது. அண்ணனும் பிறகு அங்கே வந்து, 1835 தீபாவளியன்று காலமானார். பாலுஸ்வாமி தன் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராமரைத் தத்தெடுத்து வளர்த்தார். அந்த சுப்பராம தீட்சிதர்தான் 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய நூலை வெளியிட்டு, குடும்பத்தின் இசையை நமக்குக் காப்பாற்றித் தந்தவர்.

நண்பர்களே, எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். முதல் நாள் ஒர்க்ஷாப்பில் வெர்னியர் காலிபரைக் கையில் கொடுத்தப்போ, இது நமக்கான சாமான் இல்லைன்னு கை நடுங்கியது. பாலுஸ்வாமியும் முதல் நாள் அந்த வில்லைப் பிடிச்சப்போ இப்படித்தான் தடுமாறியிருப்பாரோ? அந்நியக் கருவி என்று அவர் ஒதுக்கவில்லை. அதுக்காக நம்ம சங்கீதத்தையும் விடவில்லை. மூன்று வருஷம் பொறுமையாகக் கற்றார். நம்ம டிப்ளமோவும் மூன்று வருஷம்தானே!

இன்னொரு பொருத்தமும் உண்டு. நம் நகருக்குப் பெயர் தந்த மகாகவி பாரதியார் 1882-ல் பிறந்ததும் அதே எட்டயபுரத்தில்தான். இனி மணலி பஸ்ஸைப் பார்க்கும்போது, அந்த வயலினையும் கொஞ்சம் நினைப்போம்!