இறப்பருக்கு உறுதி தந்த பெரியார்

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலை நாடிச் செல்லும் அடியார்களுள் துவிச்சக்கர வண்டியிற் செல்வோரும் உளர். நந்திக்கடலோர வெயிலில் நெடுநாள் நின்ற வண்டியின் ரயரை உற்று நோக்கின், மயிரிழை போன்ற வெடிப்புகளை நாம் காணலாம். இழுத்தால் நீண்டு, விட்டால் மீளும் இறப்பர் நாட்பட வெடிப்பதேன்? இதனை அறியப் புகுவார்க்குச் சார்ள்ஸ் குட்இயர் என்னும் பெரியாரின் வரலாறு நல்லதொரு வாயிலாகும்.

இவர் 1800 ஆம் ஆண்டு டிசெம்பர் 29 ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிற் பிறந்தார். தந்தையாரோடு நடத்திய இரும்புச்சாமான் வணிகம் நொடிந்தமையாற் கடனாளியாகிச் சிறையும் புகுந்தார். அக்கால இறப்பர்ப் பொருள்கள் கோடையில் உருகிப் பிசுபிசுத்தன. மாரியில் விறைத்து வெடித்தன. 1834 இல் நியூ யோர்க்கில் இக்குறையை அறிந்த இவர், அதனை நீக்குவதே தம் வாழ்நாட் பணியெனத் துணிந்தார்.

மகனீசியா, சுண்ணாம்பு, நைத்திரிக்கமிலம் எனப் பலவற்றைக் கொண்டு முயன்றார். அரசாங்கத்தார்க்குச் செய்த 150 அஞ்சற் பைகள் வெப்பத்தால் உருக்குலைந்தன. அமிலம் மேற்பரப்பை மட்டுமே பதப்படுத்தியிருந்தது. வறுமை மிகவே, பிள்ளைகளின் பாடநூல்களையும் விற்றார் என்பர். குழந்தைகள் சிலரையும் பறிகொடுத்தார். ஆயினும் முயற்சியைக் கைவிட்டாரல்லர். நதானியேல் ஹேவார்ட் என்பார் வாயிலாகக் கந்தகத்தின் பயனை அறிந்தபின், 1839 இல், கந்தகங் கலந்த இறப்பர் சூடான அடுப்பிற் பட்டும் உருகாது தோல்போற் கருகி நின்றமையைக் கண்டார். தக்க வெப்பத்தையும் நேரத்தையும் வரையறுக்க மேலும் பன்னாள் உழைத்து, 1844 இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். வல்கனைசுப்படுத்தல் என்பது இம்முறையே.

இதன் உண்மையைப் பிற்கால இரசாயனம் விளக்கிற்று. இறப்பர் நீண்ட சங்கிலிகளாலான பல்பகுதியம். வெப்பத்தில் அச்சங்கிலிகள் ஒன்றையொன்று வழுக்கிச் செல்லும். கந்தகம் அவற்றிடையே பாலமிட்டுப் பிணிக்கும். பாலங்கள் குறைந்தால் இறப்பர் தளரும். மிக மிகுந்தால் எபனைற்று என்னும் வன்பொருளாகும். காலஞ் செல்ல, ஒட்சிசனும் ஓசோனும் சங்கிலிகளை அறுக்கின்றன. வெப்பமோ சிலவிடத்துப் பாலங்களைப் பெருக்கி இறப்பரை இறுகச் செய்கிறது. இழுபட்டு நிற்கும் ரயரில் ஓசோன் எளிதில் வெடிப்புண்டாக்கும். எனவே, இன்று காபன் கரியோடு முதுமையைத் தடுக்கும் இரசாயனங்களையும் சேர்க்கின்றனர்.

1855 இல் பிரான்சிய மன்னரின் விருது இவருக்குக் கிட்டியபோது, கடனுக்காகப் பாரிஸ் சிறையில் இருந்தார். 1860 யூலை 1 இல், பெருங்கடன் விட்டு மறைந்தார். அதன்பின் 16 ஆண்டு கழிந்தே, பிரேசில் விதைகளிலிருந்து கியூ தோட்டத்தில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் எம் நாட்டு ஹெனரத்கொடையை அடைந்தன. 1898 இல் எழுந்த ரயர்க் கம்பனி இவர் பெயரைச் சூடியது. இவர்தம் குடும்பத்தார்க்கு அதிற் பங்கில்லை.

பொருளின் உறுதி பிறப்பால் மட்டும் வருவதன்று. பதப்படுத்தலாலும் பேணலாலும் வருவது. அதனை உலகுக்குக் காட்டியவர் தமக்கென ஒன்றும் எஞ்சாமலே சென்றார். ஆய்வுகூடத்தில் ஒருமுறை தவறியவுடன் மனந்தளரும் எம் மாணவர், அவ்வுருகிய பைகளை நினைவிற் கொள்வாராக.