விண்ணை அளந்த வைணு பாப்பு

வேற்று உலகத்தில் மனிதன் குடியேற முடியுமா? அங்கே ஏதாவது உயிர் இருக்கிறதா? சினிமாவில் இதற்கெல்லாம் அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். ராக்கெட் கிளம்பும், கதவு திறக்கும், பச்சை மனிதன் வந்து நிற்பான்! நிஜத்தில் இந்தக் கேள்விக்கு விடை தேட முதலில் வேண்டியது ஒரு நல்ல கண்ணாடி, இருட்டான ஒரு மலை, நிறையப் பொறுமை. இந்த மூன்றையும் நம்ம தமிழ்நாட்டிலேயே சேர்த்துக் காட்டியவர் விஞ்ஞானி வைணு பாப்பு.

ஆகாயத்தையே இறைவனாகக் கும்பிடும் சிதம்பரம் நம்ம மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த ஆகாயத்துக்காகவே வாழ்ந்த இவரை நம்மில் பல பேருக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10-ல் சென்னையில் பிறந்தார். தந்தை ஹைதராபாத் நிஜாமியா வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்தார். அதனால் சின்ன வயதிலேயே தொலைநோக்கி பழகிப் போனது. மேல்படிப்புக்கு அமெரிக்காவின் ஹார்வர்டு போனவர், 1949-ல் ஒரு புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பாப்பு-பாக்-நியூகர்க் என்று அதற்குப் பெயர். அப்போது அவருக்கு வயது 21!

பிறகு வில்சன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, நட்சத்திர ஒளியில் உள்ள கால்சியம் கோட்டின் அகலத்தை வைத்து அந்த நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசத்தைக் கணக்கிடலாம் என்று கண்டார். அது தெரிந்தால் தூரமும் தெரிந்துவிடும். 1957-ல் வெளியான இதற்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர். குடியேறப் போகிறவன் முதலில் தூரம் கேட்க வேண்டாமா? சூரியனுக்கு அடுத்து நமக்குப் பக்கத்தில் உள்ள நட்சத்திரமே 4.2 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. வாயேஜர்-1 விண்கலத்தின் வேகத்தில் போனால் 70,000 ஆண்டுக்கு மேல் ஆகும்!

அமெரிக்காவிலேயே வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1953-ல் தாய்நாடு திரும்பிவிட்டார். நைனிடாலில் வானாய்வுக் கூடம் அமைய உழைத்தார். 1960-ல் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஆனார். இரவு வானத்தைப் பார்க்க நல்ல இடம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் நம் நாட்டிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு அங்கே வேலை ஆரம்பமானது. 1972-ல் ஜெர்மனியில் இருந்து 102 செ.மீ. தொலைநோக்கி வந்தது.

அந்த ஆண்டே ஜூன் 7-ல், வியாழனின் நிலாவான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைக் காவலூரில் இருந்து பார்த்தார்கள். காற்றே இல்லை என்றால் நட்சத்திரம் சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று மறையும். காற்று இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். கானிமீடுக்கு மெல்லிய காற்றுப் போர்வை இருக்கிறது என்று அதை வைத்துச் சொன்னார்கள். அது காவலூர்க் கணக்கை விட மிக மிக மெல்லியது என்று 1979-ல் வாயேஜர் காட்டியது. பின்னர் ஹப்பிள் தொலைநோக்கி அதில் ஆக்சிஜனைக் கண்டது. பனிக்கட்டிக்கு அடியில் உப்புக்கடல் இருப்பதற்கும் 2015-ல் சான்று கொடுத்தது. கடல் இருந்தால் உயிரும் இருக்குமோ? 2023-ல் கிளம்பிய ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் 2031-ல் வியாழனை அடைய வேண்டும் என்பது திட்டம். அங்கே உயிர் வாழத் தகுந்த சூழல் உண்டா என்று அது ஆராயும்.

சுனாமியும் தானே புயலும் பார்த்த ஊர் நம்ம கடலூர். இங்கேயே ஆயிரம் பிரச்சினை இருக்க, வியாழன் நிலாவில் காற்று இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். வைணு பாப்புவின் வேலையில் அதற்குப் பதில் இருக்கிறது. எல்லாக் கருவியையும் வெளிநாட்டில் வாங்கிக்கொண்டே இருக்கக் கூடாது என்று நினைத்தவர் அவர். 234 செ.மீ. தொலைநோக்கியை நாமே செய்யலாம் என்று துணிந்தார். மனிதனை விட அகலமான கண்ணாடி! அதைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில் நம் ஆட்கள். அத்தனை டன் இரும்பைத் தாங்கித் துல்லியமாகத் திருப்பும் அமைப்பைச் செய்ததும் நம் நாட்டுத் தொழிற்சாலைதான். கடைசல், வெல்டிங், பேரிங், கியர் என்று நாம் ஒர்க்‌ஷாப்பில் படிப்பதெல்லாம் அதில் இருக்கிறது. வானத்தைப் பார்க்கப் போய், பூமியில் ஒரு தொழிலையே கற்றுக்கொண்டோம்.

அந்தத் தொலைநோக்கியில் கண் வைக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1979-ல் உலக வானியல் சங்கத்தின் தலைவராகத் தேர்வானவர், 1982 ஆகஸ்ட் 19-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் காலமானார். வயது 55தான். 1986 ஜனவரியில் தொலைநோக்கி திறக்கப்பட்டு அவர் பெயரே சூட்டப்பட்டது.

நிலவிலோ செவ்வாயிலோ மனிதன் குடியேறும் நாள் வரலாம். அதைப் பார்க்க நாம் இருப்போமா தெரியாது. தான் பார்க்கப் போகாத ஒன்றுக்கும் முழு உழைப்பைக் கொடுக்கலாம் என்பதுதான் வைணு பாப்பு வாழ்ந்து காட்டிய பாடம். அந்த வேலைக்கு விஞ்ஞானி மட்டும் போதாது நண்பர்களே, நம்ம மாதிரி டிப்ளமோக்காரர்களின் கையும் வேண்டும்!